ஐ.நா. அமைதிப் படையில் இந்தியப் பெண்கள்: தடை பணமா, படையமைப்பா?

கேள்வி: குறிஞ்சி

அனைவருக்கும் வணக்கம். கல்லூரிக் கருத்தரங்கிற்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன். 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஏறத்தாழ 6.81 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதே பிப்ரவரி மாதத்தில், வளரும் நாடுகளின் பெண் அமைதிப் படையினருக்கான மாநாட்டையும் நம் அரசு புது தில்லியில் நடத்தியது. 2028ஆம் ஆண்டுக்குள் அமைதிப் பணிக்கு வரும் ராணுவப் பிரிவுகளில் 15 விழுக்காட்டினர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது ஐ.நா.வின் இலக்கு. ஆனால் 2020இல் உலக அளவில் அது 4.8 விழுக்காடாகத்தான் இருந்தது. இவ்வளவு செலவழிக்கும் ஒரு நாடு இன்னும் அதிகமான பெண்களை அனுப்பாமல் இருப்பதற்குப் பணந்தான் காரணமா? அல்லது இவையெல்லாம் மேடைப் பேச்சுக்கு மட்டுமா?

பதில்: பேரேடு

பணம் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஐ.நா. பணிக்குச் செல்லும் ஒவ்வொரு வீரருக்கும் ஐ.நா. மாதந்தோறும் ஒரு தொகையை அவர் நாட்டு அரசுக்குத் திருப்பித் தருகிறது. 2018 ஜூலை முதல் அது 1,428 டாலராக இருந்து, பின்னர் சற்று உயர்ந்தது. ஆணா பெண்ணா என்ற வேறுபாடு அதில் இல்லை. கொண்டுசெல்லும் வாகனங்களுக்கும் கருவிகளுக்கும் தனியாக ஈட்டுத்தொகை உண்டு. தாமதமாக வரும் என்பது வேறு கதை.

நீங்கள் சொன்ன 6.81 லட்சம் கோடியில் சுமார் 1.61 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்கும், 1.80 லட்சம் கோடி புதிய தளவாடங்கள் போன்ற மூலதனச் செலவுக்கும் போகின்றன. மீதியில் பெரும்பகுதி சம்பளமும் அன்றாடப் பராமரிப்பும். ஆகவே இந்தத் தொகை கூடியது, குறைந்தது என்பதிலிருந்து பெண்களை அனுப்பும் கொள்கையைப் பற்றி எதையும் ஊகிக்க முடியாது. 2024இல் உலக நாடுகளின் மொத்த ராணுவச் செலவு 2.7 லட்சம் கோடி டாலர், அப்போது ஐ.நா. அமைதிப் பணிகள் அனைத்துக்குமான ஆண்டு நிதி சுமார் 560 கோடி டாலர். ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்குதான் தேறும்.

பதில்: பரங்கிமலை

பேரேடு அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். சிக்கல் ஆளெடுப்பில் இருக்கிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஐ.நா.வுக்கு நம் தரைப்படை அனுப்புவதில் பெரும்பகுதி காலாட்படை பட்டாலியன்கள். காலாட்படையிலும் டாங்கிப் படையிலும் பெண்கள் சேர்க்கப்படுவதில்லை. 1992 முதல் சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பெண்கள் பயிற்சி பெற்று வருகிறார்கள் என்றாலும், அவர்கள் அனைவரும் அதிகாரிகள். சிப்பாய் நிலையில் பெண்கள் முதன்முதலாகப் பயிற்சி முடித்து வெளிவந்தது 2021 மே மாதத்தில், பெங்களூரில், ராணுவப் போலீஸ் பிரிவில். அந்த முதல் அணியில் இருந்தவர்கள் 83 பேர். 2023 ஜனவரியில் சூடானுக்கும் தென் சூடானுக்கும் இடையே பிணக்கிலுள்ள அப்யே பகுதிக்கு இந்தியா ஒரு பெண்கள் பிளட்டூனை அனுப்பியபோது, அதில் இரண்டு அதிகாரிகளும் 25 வீராங்கனைகளுமே இருந்தார்கள். லைபீரியாவுக்குப் பிறகு இந்தியா அனுப்பிய மிகப் பெரிய பெண்கள் அணி அதுதான் என்று அறிவிக்கப்பட்டது.

லைபீரியாவைத்தான் நீங்கள் விரிவாகப் படிக்க வேண்டும். 2007இல் உள்நாட்டுப் போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த அந்த நாட்டுக்கு, முழுக்கப் பெண்களைக் கொண்ட ஆயுதப் போலீஸ் பிரிவு ஒன்றை இந்தியா அனுப்பியது. ஐ.நா. வரலாற்றில் அத்தகைய முதல் பிரிவு அது. நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட அந்த அணி ஆண்டுதோறும் ஆள் மாறி, 2016 பிப்ரவரி வரை அங்கே பணியாற்றியது. தலைநகர் மன்ரோவியாவில் அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃப் அலுவலகம் இயங்கிய வெளியுறவு அமைச்சகக் கட்டடத்தின் வாயிலில் துப்பாக்கியுடன் காவல் நின்றவர்கள் இவர்கள். இரவு நேரத்தில் உள்ளூர் போலீசாருடன் ரோந்து போனார்கள். கலவரக் கூட்டத்தைக் கேடயமும் தடியுமாக எதிர்கொள்ளும் பயிற்சி அவர்களுக்கு இருந்தது. உள்ளூர்ப் பெண்களுக்குத் தற்காப்புக் கலை வகுப்பும் எடுத்தார்கள். அந்த ஆண்டுகளில் லைபீரியக் காவல் பணிக்கு விண்ணப்பிக்கும் பெண்களின் எண்ணிக்கை கூடியது. அதற்கு இவர்களும் ஒரு காரணம் என்று சர்லீஃப் பலமுறை பாராட்டினார்.

ஆனால் அவர்கள் ராணுவத்தினர் அல்லர். மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர். அந்தப் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது, அதாவது நீங்கள் குறிப்பிட்ட 6.81 லட்சம் கோடிக்குள் அதன் செலவு அடங்கவே இல்லை. 1986இலேயே அங்கே பெண்களுக்கென்று ஒரு பட்டாலியன் தொடங்கப்பட்டுவிட்டதால், இருபது ஆண்டு அனுபவமுள்ள பெண்கள் 2007இல் தயாராக இருந்தார்கள். தரைப்படையில் அத்தகைய அடித்தளம் இப்போதுதான் போடப்படுகிறது.

பதில்: வைகறை

மேலே சொல்லப்பட்டவை சரியானவையே. இருந்தாலும், பெண்களைத் தனி அணியாக அனுப்புவதையே வெற்றியாகக் கொண்டாடும் போக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. தனி அணி என்றால், "பெண்கள், குழந்தைகள் தொடர்பான வேலை அவர்களுடையது, மற்றதெல்லாம் எங்களுடையது" என்று ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள வழி பிறக்கிறது. காங்கோவின் வடக்குக் கிவு பகுதியில் 2023 முதல் 2024 வரை மேஜர் ராதிகா சென் வழிநடத்தியது ஆண்களும் பெண்களும் கலந்த பிளட்டூன். ஊருக்குள் சென்று மக்களோடு பேசிப் பழகி நிலவரத்தை அறிவது அதன் முக்கியப் பணி. அதற்காகவே 2023ஆம் ஆண்டுக்கான ஐ.நா. ராணுவப் பாலின ஆதரவாளர் விருது அவருக்குக் கிடைத்தது. 2019இல் அதே விருதை, பிரேசில் அதிகாரி ஒருவருடன் சேர்ந்து, தென் சூடானில் பணியாற்றிய மேஜர் சுமன் கவானி பெற்றிருந்தார்.

இன்னொன்று. 2025 அக்டோபரில், நிதிப் பற்றாக்குறையால் அமைதிப் படையினரில் நான்கில் ஒரு பங்கினரைத் திருப்பி அனுப்பப் போவதாக ஐ.நா. அறிவித்தது. மொத்த ஆள் குறையும்போது விழுக்காடு தானாக ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். எனவே விழுக்காட்டை மட்டும் வைத்துக் கட்டுரை எழுதாதீர்கள். எத்தனை பெண்கள், எந்தப் பொறுப்பில், வெளிக்களத்திலா முகாமுக்குள்ளா என்று பாருங்கள்.

கேள்வி: குறிஞ்சி

மிக்க நன்றி. உள்துறை, பாதுகாப்புத் துறை வேறுபாட்டை நான் கவனிக்கவே இல்லை. ஒரே ஒரு துணைக் கேள்வி: தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பெண்கள் சேர்க்கப்பட்டது இந்த நிலையை மாற்றுமா?

பதில்: பரங்கிமலை

மெதுவாக மாற்றும். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தரைப்படையின் பல பிரிவுகளில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்கச் சொன்னது. 2021இல் அகாடமியின் நுழைவுத் தேர்வையும் பெண்களுக்குத் திறந்துவிட்டது. அதன்படி சேர்ந்தவர்களில் முதல் 17 பேர் 2025 மே மாதம் புனே அருகே கடக்வாசலாவில் பயிற்சி முடித்தார்கள். அவர்கள் முப்படைகளுக்கும் பிரிந்து செல்பவர்கள். அதற்கு மேலும் ஓராண்டு அந்தந்தப் படையின் அகாடமியில் பயிற்சி உண்டு. ஒரு பட்டாலியனுக்குத் தலைமை தாங்கும் பதவிக்கு வர அவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும்.

தவிரவும், அந்த அகாடமி அதிகாரிகளை மட்டுமே உருவாக்குகிறது, ஐ.நா.வுக்குச் செல்லும் பிரிவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிப்பாய்களும் ஹவில்தார்களும்தான். ஆகையால் ஒவ்வோர் ஆண்டும் ராணுவப் போலீசில் எத்தனை பெண்கள் சேர்க்கப்படுகிறார்கள், அந்த வாய்ப்பு வேறு எந்தப் பிரிவுகளுக்கு விரிகிறது என்பதைப் பாருங்கள். உங்கள் கட்டுரைக்கு அகாடமியைவிட அதுவே கூடுதலாகப் பயன்படும்.