புதுச் செடித்தொட்டியில் பாசி: உங்களுக்கு எது கைகொடுத்தது?

கல்லடியிலிருந்து:

செடி வைத்த மீன்தொட்டி புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் முதல் மாதத்துக்குள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். கண்ணாடியிலும் இலையிலும் மண்ணிறமாகத் தூள் படிகிறது, என்ன மருந்து போடுவது? ஒன்றும் போட வேண்டாம். விரலால் தேய்த்தவுடன் கழன்று வந்தால் அது டயட்டம் என்கிற நுண்பாசி, புதுத்தொட்டியில் அநேகமாக வந்தே தீரும், தண்ணீரிலும் மணலிலும் இருக்கிற சிலிக்காவை எடுத்து வளர்ந்துவிட்டுச் சில கிழமைகளில் தானாகப் போய்விடும். நான் பழைய வங்கி அட்டையால் வழித்ததோடு சரி.

தலையிடி தந்தது அதற்குப் பிறகு வந்த பச்சை நூல்பாசிதான். எங்கள் தொட்டி இரண்டடி, லைட் டைமரில் கணக்காக எரிந்து அணைகிறது, ஆனாலும் நாளுக்கு நாள் பாசி கூடுகிறது. காலையில் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் விளங்கியது. கடல் பக்கச் சன்னலால் வெயில் நேரே தண்ணீருக்குள் விழுகிறது, டைமர் லைட்டைத்தானே நிறுத்தும், சூரியனை நிறுத்துமா? சன்னலுக்குத் தடித்த சீலை போட்டு, லைட்டையும் ஆறு மணித்தியாலத்துக்கு இறக்கிவிட்டேன். பழைய நூல்களை ஒரு பல்துலக்கியில் சுற்றி இழுத்து எடுக்க எடுக்க, புதியவை வருவது நின்றுகொண்டே போனது.

இதில் நான் கண்ட உண்மை என்னவென்றால், புதுத்தொட்டியில் லைட் முதல் நாளே முழு வேகத்தில் வேலை செய்கிறது, செடி செய்வதில்லை. பண்ணைகளில் பெரும்பாலான செடிகளைத் தண்ணீருக்கு வெளியேதான் வளர்க்கிறார்கள், நம் தொட்டியில் மூழ்கியதும் பழைய இலை அழுகும், புது இலை வரும்வரை செடி பெரிதாக எதையும் உறிஞ்சாது. அழுகிற இலையிலிருந்து அமோனியா வேறு. அதைத் தின்னும் பக்டீரியா பில்டரில் குடியேற நாலைந்து கிழமையாவது வேண்டும். ஆக, அந்த இடைவெளி முழுக்கப் பாசிக்குப் பந்தி. அதனால் தொடக்கத்தில் வேகமாக வளரும் செடிகளை நெருக்கமாக நடுங்கள், வாட்டர் விஸ்டீரியா, வலிஸ்னேரியா, ஹோர்ன்வோர்ட் போன்றவை. அழகுக்கானவற்றைப் பிறகு பார்க்கலாம். கிரிப்டோகொரைன் வெண்டியை (நம் இலங்கைக்கே உரிய செடி, உலகம் முழுக்க விற்கிறார்கள்) நட்டால் இலையெல்லாம் கரைந்துபோகும், பயந்து பிடுங்கி எறியாதீர்கள், கரைந்த இலையை மட்டும் வெட்டிவிடுங்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

நிழலுக்கு மிதக்கும் செடி நல்லதுதான், ஆனால் வாவியில் கிடக்கிற ஆற்றுவாழையை அள்ளிவந்து போட வேண்டாம். அதை வீட்டில் வைத்திருப்பதையே 1909ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும், அதன் வேரோடு தும்பிக் குடம்பி வந்தால் உங்கள் குஞ்சு மீன்களை ஒவ்வொன்றாகத் தின்றுவிடும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

அண்ணன் மீனைப் பற்றிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பாசி என்று கடையில் வாயைத் திறந்தாலே டேங்க் கிளீனர் என்கிற மீனைப் பையில் போட்டுத் தந்துவிடுகிறார்கள். எனக்கும் தந்தார்கள். விரல் நீளத்தில் இருக்கும்போது கண்ணாடியைக் கொஞ்சம் நக்கியது, வளர வளர நூல்பாசியைத் தொடவே இல்லை, இரவில் மணலைக் கிளறி நட்ட செடியெல்லாவற்றையும் மிதக்கவிட்டது. ஒரு அடிக்கு மேல் வளருகிற மீன் அது, போடுகிற கழிவும் அந்த அளவுக்கு. அப்புறம் வைக்க இடமில்லை என்று குளத்தில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், இலங்கைக் குளங்களில் அது பெருகிப் பெரிய தொல்லையாகிவிட்டது. இப்போது மொலி மீன்கள்தான் வைத்திருக்கிறேன், இரை போடுவதைக் குறைத்தால் நூல்பாசியைக் கொத்திக்கொண்டே திரியும்.

கிணற்றுத் தண்ணீர் பாவிக்கிறவர்கள் தொட்டியைச் சோதிக்க முதல் கிணற்றைச் சோதியுங்கள். வயல் உரமும் மலசலகூடக் குழியும் கிட்ட இருந்தால் பாசிக்குச் சாப்பாடான நைத்திரேற்று கிணற்றிலேயே இருக்கும், எங்கள் கிணற்றில் இருந்தது. பிறகு தண்ணீர் மாற்றி மாற்றி என்ன குறையப்போகிறது?

வாழைச்சேனையிலிருந்து:

எனக்கு வந்தது வேறு சாமான். நீலமும் பச்சையும் கலந்து மணலுக்கு மேலே வழுவழுப்பாக விரிந்தது, பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும், நாற்றம் சொல்லி வேலையில்லை. பெயர்தான் நீலப்பச்சைப் பாசி, ஆள் பக்டீரியா. தண்ணீர் ஓட்டமில்லாத மூலையில்தான் பிடித்திருந்தது. உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டியைச் சுற்றிக் கறுப்புச் சீலை கட்டி மூன்று நாள் இருட்டில் வைத்தேன். இருட்டில் செடியும் ஒட்சிசனை எடுக்கும் என்பதால் காற்றுக்கல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் கச்சான் என்கிற வெக்கைக் காற்று அடிக்கிற மாதங்களில் கட்டாயம், சூடான தண்ணீரில் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு. சீலையைக் கழற்றியதும் பாதித் தண்ணீரை மாற்றி, பில்டர் வாயை அந்த மூலைப் பக்கம் திருப்பிவிட்டேன். பிறகு அந்த இடத்தில் வரவில்லை. பின்பக்கக் கண்ணாடியில் இப்போது பச்சைப் புள்ளிகள் தொடங்கியிருக்கின்றன, பிளேடு இல்லாமல் அது போகுமா என்று யாராவது சொல்லுங்கள்.