தொண்டியில பொறந்த வீட்டம்மாவ அபுதாபி சீவேர்ல்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா? அந்த ஒரு நாளுக்கு இம்புட்டுக் காசு தகுமா?

ஏழுகடல்தெரு கடைக்காரர்

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் வியாபாரம் முடிஞ்சதும் நானும் வீட்டம்மாவும் பையனைப் பாக்க சார்ஜா போறோம், பத்து நாள். ரெண்டு பேருக்குமே இதான் மொத வெளிநாட்டுப் பயணம். பையன் அபுதாபியில யாஸ் தீவுல இருக்குற சீவேர்ல்டுக்கு, அதான் கடல் உசுருங்களக் காட்டுற பெரிய பூங்காவுக்கு, ஒரு நாள் போயிட்டு வாங்கன்னு சொல்றான், டிக்கெட்டு ஒரு ஆளுக்கு நம்ம காசுல எட்டாயிரத்துக்கு மேல வரும்போல, போக வர வண்டி, சாப்பாடு எல்லாம் சேத்தா இருபத்தஞ்சாயிரம் தாண்டிரும்.

காசு மட்டும்னா நானே யோசிச்சு முடிவு பண்ணிருவேன். விசயம் வேற. அவ தொண்டிக்காரி. அவுக அப்பா நாட்டுப்படகு வச்சு மீன் புடிச்சவரு. கட்டிக்கிட்டு வந்த புதுசுல மொட்டமாடியில துணி காயப்போட்டுட்டு ரெண்டு மணி நேரத்துல எடுத்தவ, "ஏங்க, இங்க துணி மொறுமொறுன்னு காஞ்சிருதே, பிசுபிசுப்பே இல்லையே"ன்னு அந்தத் துணிய மோந்து பாத்துக்கிட்டே நின்னா. காத்துல உப்பு இல்லாத ஊருன்னு அன்னைக்கு சொன்னா. 26 வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் கடலப் பாத்ததுன்னா தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போயி அக்னி தீர்த்தத்துல கூட்டத்தோட முங்கிட்டு வர்றதுதான், அவுக அப்பா தவறின பிறகு தொண்டிக்குப் போக்குவரத்தும் கொறஞ்சு போச்சு.

எங்க தெருப் பேரே ஏழுகடல். காஞ்சனமாலை கடல்ல குளிக்கணும்னு ஆசப்பட்டதுக்கு மருமகன் சொக்கநாதர் ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைச்சாருன்னு கதை சொல்லுவாக. அந்தத் தெருவுல தெனம் கட தெறக்குற எனக்கு அவள ஒரு நாள் முழுக்கக் கடல் பக்கம் உக்கார வைக்கத் தோணலையேன்னு இப்ப மனசு கெடந்து அடிக்குது.

அவளுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம், ஒரே மூச்சா நடக்க முடியாது. ராட்டினம் மாதிரி எதுலயும் ஏற மாட்டா. இன்னொன்னு, பையன் போன்ல படம் காட்டுனப்ப "மீனைக் கொண்டாந்து அடைச்சு வச்சிருக்காகளா"ன்னு கேட்டா, அதுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியல. போனவங்க யாராச்சும் இருந்தா உள்ளதச் சொல்லுங்க.

தெப்பக்குளம் மேல்கரை

அண்ணே, தாராளமாப் போங்க. நானும் என் சம்சாரமும் போன வருசம் போனோம். 2023 மே மாசம் தெறந்தது, அமெரிக்காவுக்கு வெளிய வந்த மொத சீவேர்ல்டு. முக்காவாசி எல்லாமே கூரைக்கு உள்ள, ஏசியிலதான், அதனால வெயில் கவலை கெடையாது. கடல எட்டுப் பகுதியாப் பிரிச்சு வச்சிருக்காங்க, அபுதாபிக் கடல், வெப்பக் கடல், பனிக்கடல் அப்படி.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், தெறக்குற நேரத்துக்கே போயிட்டு மொதல்ல எண்ட்லெஸ் ஓஷன்னு இருக்கும், அங்க போயிருங்க. அங்க ஒரு தொட்டி இருக்கு, ரெண்டரைக் கோடி லிட்டர் தண்ணி. நம்ம ஊர்ல கோடையில வர்ற தண்ணி லாரிய நெனச்சுக்கங்க, 12,000 லிட்டர் லாரின்னா ரெண்டாயிரம் லாரிக்கு மேல ஊத்தணும். கண்ணாடிக்கு முன்னாடி தரையிலயே சனம் உக்காந்துரும், காலைல போனா கூட்டம் இருக்காது. அண்ணிய அங்க உக்கார வச்சிட்டு நீங்க அவசரப்படாம இருங்க. நாங்க என்ன தப்புப் பண்ணுனோம்னா காசு குடுத்துருக்கோமே எல்லாத்தையும் பாத்துரணும்னு ஓடி ஓடி, சாயந்தரம் என் சம்சாரம் செருப்பக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு வந்தா, என்ன பாத்தோம்னு கேட்டா ரெண்டு பேருக்கும் கோர்வையாச் சொல்லத் தெரியல. அது இன்னைக்கும் எனக்கு வருத்தம்தான்.

முட்டிக்கு உள்ள நொழைஞ்சதும் சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கங்க, வெக்கப்பட வேணாம், எல்லா மாடிக்கும் லிப்ட் இருக்கு. பெங்குயின் இருக்குற பனிப்பகுதி நெசமாவே குளிரும், நம்ம கொடைக்கானல் மார்கழி மாதிரியெல்லாம் இல்ல, அதுக்கும் மேல. கம்பளிச் சால்வையும் காலுறையும் பையில வைங்க, முட்டி வலிக்காரங்களுக்கு அது ரொம்ப முக்கியம். ராட்டினம் வேணாம்னா யாரும் வற்புறுத்த மாட்டாங்க, மேன்டான்னு ஒரு ரோலர் கோஸ்டர், அதுக்குப் பக்கமே போகாம சுத்திட்டு வந்துரலாம்.

கீழக்கரை மரைக்கா

மச்சான்னே கூப்புடுறேன், தொண்டி நமக்குப் பக்கந்தான். நான் அபுதாபி முசஃபாவுல 11 வருசமா இருக்கேன். சீவேர்ல்டுல மத்தவங்க சீக்கிரமாத் தாண்டிப் போற எடம் ஒண்ணு இருக்கு, அபுதாபி ஓஷன். அந்த ஊர்க் கடலப் பத்தினது, முத்துக்குளிப்பு பத்தினது. அங்க தங்கச்சி கொஞ்ச நேரம் நிக்கட்டும். ஏன்னா அது நம்ம கதையுந்தான். எண்ணெய் கண்டுபுடிக்கிறதுக்கு முன்னாடி இந்த அரபு சனம் முத்தை நம்பித்தான் சோறு தின்னுச்சு, கால்ல கல்லக் கட்டி, மூக்குல கிளிப்பு மாட்டி, கயித்தப் புடிச்சுக்கிட்டு எறங்குறது, மேல ஒருத்தன் கயித்தப் புடிச்சுக் காத்திருக்குறது. நம்ம மன்னார் கடல்லயும் கல்லும் கயிறுந்தான். கொற்கை முத்து பாண்டியனுக்கு வருமானம், அந்தக் காசு மதுரைக்கு வந்ததுதான். ஜப்பான்காரன் வளப்பு முத்தக் கொண்டாந்த பிறகு 1930கள்ல இங்க தொழில் படுத்துருச்சு, தூத்துக்குடியில 1961ஓட கடைசி. எங்க ஊர்ல முத்துச் சிப்பி பத்தி எங்க வாப்பா சொல்லி வளந்தவன் நான், இங்க வந்து அதே கதைய வேற மொழியில கேக்குறப்ப தொண்டைய அடைச்சுருச்சு.

இன்னொண்ணு, ஆவுளியா. தங்கச்சிக்கு அந்தப் பேர் தெரியாம இருக்காது, கடல்பசு. இங்க அபுதாபிக் கடல்ல மூவாயிரம் வரைக்கும் மேயுதுன்னு சொல்றாங்க, உலகத்துல ஆஸ்திரேலியாவுக்கு அடுத்து இங்கதான் அதிகம். நம்ம பாக் ஜலசந்தியில எண்ணிக்கை ரொம்பக் கொறஞ்சு போயித்தான் 2022 செப்டம்பர்ல தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் 448 சதுர கிலோமீட்டரக் கடல்பசுவுக்குன்னே காப்பகமா அறிவிச்சாங்க. ரெண்டு கடல்லயும் அது திங்கிறது கடல் புல்லுதான். புல்லு போனா அது போச்சு.

திருநகர் டீச்சர்

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதுக்குப் பதில் தெரியாமப் போகாதீங்க.

கூட்டமா வர்ற சின்ன மீனுக்குப் பெரிய தொட்டி பொருந்தலாம், டால்பினுக்குப் பொருந்தாது. அது ஒரு நாளைக்கு எத்தனையோ மைல் நீந்துற உசுரு, சத்தத்த வச்சே தெசையும் எரையும் தெரிஞ்சுக்குறது, அத நாலு சுவத்துக்குள்ள விட்டா அது போடுற சத்தம் அதுக்கே திரும்பி வந்து அடிக்கும்னு சொல்றாங்க. நம்ம நாட்டுல 2013லயே டால்பின் காட்சிக்கூடத்துக்கு அனுமதி குடுக்கக் கூடாதுன்னு மத்திய அரசு முடிவு பண்ணிருச்சு. அபுதாபியில ஓர்கா திமிங்கலம் வைக்கல, அது நல்லது. ஆனா டால்பின் இருக்கு. போங்க, வேணாங்கல, டால்பின் காட்சிக்கு மட்டும் போயி உக்காராதீங்க. கூட்டம் கொறஞ்சாத்தான் அவங்களும் யோசிப்பாங்க, அமெரிக்காவுல 2016ல ஓர்காவ இனிமே இனப்பெருக்கம் பண்ண மாட்டோம்னு சீவேர்ல்டுக்காரங்களே அறிவிச்சதுக்கு சனம் காட்டுன எதிர்ப்பும் ஒரு காரணம்.

அப்புறம் நம்ம மன்னார் வளைகுடா. 1986ல கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சது, தூத்துக்குடியில இருந்து பாம்பன் வரைக்கும் 21 தீவு. மண்டபம் நம்ம ஊர்ல இருந்து நாலு மணி நேரங்கூட இல்ல. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள ஒருக்கா ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசைக்குக் கூட்டிட்டுப் போனேன், படகுல போயி தெளிஞ்ச தண்ணிக்குள்ள கடல் புல்லு ஆடுறதக் காட்டுனேன், ஒரு பிள்ள "டீச்சர் கடலுக்குள்ள வயல் இருக்கு"ன்னு கத்துச்சு. அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

தெப்பக்குளம் மேல்கரை

டீச்சர் சொல்றதுல டால்பின் விசயம் ஒத்துக்குறேன். ஆனா பக்கத்துலயே ஒரு மீட்பு மையமும் நடத்துறாங்க, அடிபட்டு வர்ற கடல் உசுருங்களுக்கு வைத்தியம் பாக்குறதுக்கு, அதையும் கணக்குல எடுத்துக்கணும். அண்ணே, மண்டபம் எப்ப வேணாப் போகலாம். அண்ணிக்கு முட்டி முழுசாப் போறதுக்குள்ள இதுக்குப் போயிட்டு வந்துருங்க.

ஏழுகடல்தெரு கடைக்காரர்

போயிட்டு வந்துட்டோம். எழுதுறேன்னு சொல்லியே மூணு வாரம் ஓடிருச்சு, மாசி முகூர்த்தத்துக்குக் கடையில சாமான் எடுக்க வர்ற கூட்டம்.

மேல்கரைத் தம்பி சொன்னபடியே தெறக்கும்போதே உள்ள போயிட்டோம். சக்கர நாற்காலிக்கு அவ மொதல்ல ஒத்துக்கல, பையன்தான் "அம்மா, உனக்கில்ல, உன் கைப்பைக்கு"ன்னு சொல்லி உக்கார வச்சான். நேரா அந்தப் பெரிய தொட்டிக்குப் போனோம். கண்ணாடிக்கு முன்னாடி போனதும் எந்திரிச்சுட்டா. நான் படம் எடுக்கப் போன் எடுத்தேன், அவ மொகத்தப் பாத்துட்டுப் போனப் பைக்குள்ள வச்சுட்டேன். ஒத்தக் கைய கண்ணாடியில வச்சுக்கிட்டு மீன் பேராச் சொல்ல ஆரம்பிச்சா. பாறை, ஊளி, களவா, கிளிமீன், அந்தா கிளாத்தி, இது திருக்கை, வாலப் பாருங்க முள்ளு இருக்கும் அடிச்சா மூணு நாளைக்குக் கடுக்கும், சுறாவுல இது சின்னது. 26 வருசமா சந்தையில ஐஸ் போட்ட மீனத்தான் நான் வாங்கிட்டு வந்து குடுத்துருக்கேன், அவ செதில உரிச்சுக் கொழம்பு வச்சிருக்கா, இத்தனை பேரு அவ நாக்குல இருந்தது எனக்குத் தெரியாது. பக்கத்துல நம்ம பக்கத்துக் குடும்பம் ஒண்ணு நின்னுக்கிட்டு இருந்தாங்க, அந்தச் சின்னப் பையன் "ஆச்சி அது என்ன, இது என்ன"ன்னு இவ சேலையப் புடிச்சுக்கிட்டான். முக்கா மணி நேரம் அங்கேயே.

"எங்கப்பா மேல இருந்து பாத்துருக்காரு, கீழ இருந்து பாத்ததில்ல"ன்னு சொன்னா. அதச் சொல்லும்போது அழுகல, சிரிச்ச மொகமாத்தான் சொன்னா, எனக்குத்தான் தாங்கல.

கீழக்கரை மச்சான் சொன்ன எடத்துக்கும் போனோம். ஆவுளியான்னு சொன்னதும் அவளுக்கு ஒரு ஞாபகம் வந்துருச்சு, சின்ன வயசுல ஒருக்கா வலையில மாட்டுனத அவுக அப்பா, சித்தப்பா எல்லாரும் சேந்து வலைய அறுத்து விட்டுட்டாகளாம், வல போச்சேன்னு அம்மா திட்டுனதுக்கு "தாய்ப்பால் குடுக்குற சாதி, அதப் போயி எப்படி"ன்னாராம். இந்தக் கதைய எங்கிட்ட அவ சொன்னதே இல்ல.

டால்பின் காட்சிக்குப் போகல டீச்சர். நான் சொல்றதுக்கு முன்னாடி அவளே வேணாம்னுட்டா. அவுக ஊர்ல டால்பினுக்கு ஓங்கில்னு பேரு. "ஓங்கில், படகு கூடவே ஓடி வரும்ங்க, அத எங்க வச்சுப் பாக்குறது"ன்னா. பெங்குயின் பாத்தோம், குளிர்ல சால்வைய ரெண்டா மடிச்சு முட்டியில சுத்திக்கிட்டா, பெங்குயின் குஞ்சு மாதிரி ஒண்ணு தண்ணியில எறங்கப் பயந்துக்கிட்டு ஓரமா நின்னுச்சு, அது எறங்குற வரைக்கும் நாங்களும் நின்னோம். மத்த பகுதியெல்லாம் சும்மா ஒரு சுத்துதான், பாதி பாக்கல. சாப்பாடு வெல அதிகம், பையனுக்குத் தெரியாம நான் வெலப்பட்டியல மறைச்சுக்கிட்டு அவளுக்கு வாங்கிக் குடுத்தேன். காசு தகுமான்னு கேட்டேன்ல, தகும். அந்தத் தொட்டி முன்னாடி நின்ன முக்கா மணி நேரத்துக்கே தகும்.

சார்ஜா திரும்பினதும் பையன கார் நிறுத்தச் சொல்லி ராத்திரி ஒம்பது மணிக்குக் கடற்கரையில எறங்கி முட்டி வரைக்கும் நின்னா. சேலை ஓரம் நனஞ்சதப் பிழியாமலே வீட்டுக்கு வந்து கொடியில போட்டா, காலையில தொட்டுப் பாத்துட்டு "பிசுபிசுன்னு இருக்குங்க"ன்னு எங்கிட்ட காட்டுனா.

இப்ப ஒரு உதவி வேணும். பங்குனியில தொண்டிக்குப் போறோம், நாலு நாள் தங்குறாப்புல. அங்க இருந்து காரங்காடு பக்கந்தான், வனத்துறை அலையாத்திக் காட்டுக்குள்ள படகு விடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். முட்டி வலிக்காரங்க அந்தப் படகுல ஏறி எறங்கத் தோதா இருக்குமா, வெயிலுக்கு முன்னாடி காலையில எத்தன மணிக்குப் போனா நல்லது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.