பொச்சாப்பு: உங்கள் ஊர்ப் பேச்சில் இந்தச் சொல் உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். குறளில் 54-வது அதிகாரம் பொச்சாவாமை. உரைகளில் ‘மறவாமை’ என்று பொருள் போட்டிருக்கிறது. சரி, ஆனால் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மறதி இது இல்லை போலிருக்கிறதே? முதல் குறளே (531), பெருமகிழ்ச்சியில் வரும் சோர்வு அளவு மீறிய கோபத்தைவிடத் தீது என்கிறது. அடுத்ததில், தினசரி வறுமை அறிவைக் கொல்வதுபோல் பொச்சாப்பு புகழைக் கொல்லும் என்கிறார். எல்லாம் நன்றாகப் போகிறது என்ற நினைப்பில் செய்யவேண்டியதை விட்டுவிடுவது, அதுதானே? இதே அதிகாரத்தில் ‘சோர்வு’, ‘இகழ்ச்சி’ என்ற சொற்களும் வருகின்றன.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்றைய சொல் ஒன்று வேண்டும். ‘அலட்சியம்’ என்றால் வேண்டுமென்றே செய்வதுபோல் ஆகிவிடுகிறது. ‘ஞாபகமறதி’ என்றால் வயதானவர் நினைவுக்கு வருகிறார். ‘மெத்தனம்’ பக்கத்தில் வருகிறது, ஆனால் அதில் மறதி இல்லை. ‘அசந்துட்டான்’ என்கிறோமே, எனக்கென்னவோ அதுதான் ரொம்பப் பொருத்தம். இலக்கணம் தெரிந்தவர்கள் சிரிக்காதீர்கள்!

பொச்சாப்பு, பொச்சாந்து போன்ற சொற்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் எந்த ஊர், என்ன பொருளில் என்று எழுதுங்கள். அப்புறம், பேச்சு வாக்கியம் ஒன்றும் சேர்த்துப் போட்டால் பெரிய உதவி.