வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்: ஆற்றில் முதலில் எடுத்தவருக்கு உள்ள உரிமை

அல்சூர், செவ்வாய் இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். நம் பெங்களூர் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஆறுகளைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன். கொலராடோ ஆற்று அத்தியாயத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். வெள்ளி காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

சிக்கல் இதுதான். அமெரிக்காவின் மேற்கே, வறண்ட நாட்டில், கரையில் நிலம் இருப்பதால் மட்டும் ஒருவருக்கு ஆற்று நீரில் உரிமை வந்துவிடாது. முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை எடுத்துப் பயன்படுத்தியவர் மூத்தவர், பிறகு வந்தவர் இளையவர். தண்ணீர் குறைந்தால் மூத்தவர் தன் அளவை முழுசாக எடுத்த பிறகுதான் இளையவருக்கு. மிச்சம் இல்லையென்றால் இல்லைதான். இந்த உரிமைக்கு ஒரே சொல்லாக வேண்டும். ‘முன்னுரிமை’ என்று போட்டு ஒரு மாணவியிடம் படிக்கக் கொடுத்தேன். “பஸ்ஸில் முதியவருக்கு சீட் குடுக்கிற மாதிரியா அக்கா?” என்றாள். யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது. இங்கே கொடுப்பவர் என்று யாரும் இல்லை.

ஜாலஹள்ளி, புதன் காலை 5.15

அம்மா, முதலில் ‘அத்தியாயம்’ வேண்டாம், ‘இயல்’ என்று எழுதுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். கரையால் வரும் உரிமை ‘கரையுரிமை’. அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. ஆனால் ‘கரை’ ஆற்றங்கரை மட்டும் அல்ல, பங்கும்தான். தஞ்சையிலும் தொண்டை மண்டலத்திலும் ஊர்நிலத்தைக் கரைகளாகப் பிரித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு மாற்றிக்கொண்டார்கள். அதற்குக் கரையீடு என்று பெயர். நிலம் யாரிடமும் நிலையாகத் தங்காது. நீங்கள் சொல்லும் அமெரிக்க முறை இதற்கு நேர் எதிர். ஒருமுறை எடுத்தவன் என்றைக்கும் மூத்தவன்.

அதனால் என் பரிந்துரை ‘நீர்மூப்பு’. பணிமூப்பு நமக்குத் தெரிந்த சொல். முதலில் வேலைக்குச் சேர்ந்தவர் மூத்தவர், ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே. கணக்கு அப்படியே பொருந்துகிறது. (நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் இதை நேரில் பார்த்தவன்.)

ஸ்ரீராமபுரம், புதன் காலை 8.02

ஐயா, மன்னிக்கணும். நீர்மூப்பு என்றதும் என் பெரியம்மாவுக்குக் காலில் நீர் கோத்துக்கொண்டதுதான் ஞாபகம் வந்தது. பிள்ளைகள் அதை வியாதி என்றுதான் படிப்பார்கள்.

எங்கள் தெருக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். விடிகாலை நாலரைக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து படுத்துவிடுவோம். குடம் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. எங்கள் வீட்டுக் குடம் பச்சை, அடியில் சூட்டுக்கோலால் ஒட்டுப் போட்டது. அதைத் தாண்டி யாரும் வைக்க மாட்டார்கள். முன்னால் இருப்பவர் ஆறு குடம் வைத்திருந்தால் ஆறும் நிரம்பும்வரை நாம் வாயை மூடிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். பாதியில் தண்ணீர் நின்றால் நம் தலையெழுத்து. அல்சூர் அக்கா கேட்பதும் இதேதானே? ‘குடவரிசை’ என்று வையுங்கள். குடவரைக் கோயிலைப் பற்றி ஐயா அடுத்த மடல் எழுதுவார், அது வேறு விஷயம்.

தங்கவயல், புதன் காலை 8.50 (ரயிலிலிருந்து)

தம்பி சொன்ன வரிசை சரி. ஆனால் குடம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடும், மறுநாள் புது வரிசை. அங்கே 150 வருஷமாக அதே வரிசை.

அந்த உரிமை பிறந்த கதை எங்கள் ஊர்க்காரனுக்குப் பிடிக்கும். கலிஃபோர்னியாவில் தங்கம் தேடிப் போனவர்கள் தொடங்கி வைத்த வழக்கம் அது. முளை அடித்து இடம் பிடித்தவனுக்கு இடம், மண்ணைக் கழுவ முதலில் வாய்க்கால் வெட்டியவனுக்குத் தண்ணீர். கரை அவனுடையது இல்லை, வெள்ளைக்காரர் வருவதற்கு முன்னால் அங்கே இருந்த பழங்குடிகளை யாரும் கேட்கவும் இல்லை. 1882-இல் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றமே கரையுரிமை எங்கள் நாட்டுக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டது. எங்கள் தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தார். தங்கவயலுக்குப் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர். அங்கே முளை அடித்ததெல்லாம் கம்பெனி, தாத்தாவுக்குக் கிடைத்தது குழாயடி.

ஜாலஹள்ளி, புதன் பகல் 12.30

குடவரிசை கொச்சை. ‘குட’ என்றால் மேற்கு என்றும் பொருள், குடநாடு, குடமலை. அமெரிக்க மேற்கு என்பதால் அந்த வகையில் வேண்டுமானால் பொருந்தும்.

மல்லேசுவரம், புதன் இரவு 9.20

நீதிமன்ற மொழிபெயர்ப்பில் முப்பது வருஷம் கழித்தவள் என்பதால் ஒரு வார்த்தை. சொல் எதுவானாலும், இது ‘முறை’ இல்லை, ‘பங்கு’ இல்லை, ‘கடைமடை’யும் இல்லை என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். முறைப் பாசனத்தில் தாமதமானாலும் எல்லோருக்கும் முறை வரும். கடைமடைக்காரர் தவிப்பது வாய்க்காலின் கடைசியில் நிலம் இருப்பதால். கொலராடோவில் தவிப்பு இடத்தால் வருவதல்ல, தேதியால் வருவது.

அரிசோனாவைப் பாருங்கள். கொலராடோ ஆற்றிலிருந்து ஃபீனிக்ஸ், டூசான் நகரங்களுக்கு 540 கிலோமீட்டர் கால்வாய் வெட்ட அதற்கு ஆசை. 1968-இல் சட்டம் வந்தபோது கலிஃபோர்னியா வைத்த நிபந்தனை, பஞ்ச காலத்தில் எங்கள் 44 லட்சம் ஏக்கர் அடிக்குப் பிறகுதான் உங்கள் கால்வாய் என்பது. (ஏக்கர் அடி என்றால் ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்.) அரிசோனா ஒத்துக்கொண்டது. இன்றைக்கும் ஹவாசு என்ற ஒரே ஏரியில், ஒரு கரையில் இவர்கள் பம்பு, எதிர்க்கரையில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக்காரர் பம்பு. 2021 ஆகஸ்டில் முதல் முறையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். 2022-க்கு அரிசோனா இழந்தது 5,12,000 ஏக்கர் அடி, நம் கணக்கில் சுமார் 22 டி.எம்.சி. கலிஃபோர்னியா இழந்தது பூஜ்யம்.

இன்னொன்று. கொலராடோ நீரை மாநிலங்கள் பிரித்துக்கொண்ட 1922 ஒப்பந்தமே இந்த மூப்புக்குப் பயந்து போட்டதுதான். கலிஃபோர்னியா வேகமாக வளர்ந்து எல்லாத் தண்ணீரையும் பிடித்துவிடும் என்று மேல்மாநிலங்கள் பயந்தன. மேல்படுகைக்கு 75 லட்சம், கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர் அடி என்று பிரித்தார்கள். 1944-இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம். மொத்தம் சுமார் 719 டி.எம்.சி., நடுவர் மன்றம் 2007-இல் காவிரிக்குக் கணக்கிட்ட 740-க்குப் பக்கம்! பிரித்தவர்கள் கண்ட வருஷங்கள் நல்ல மழை வருஷங்கள். அதற்கப்புறம் ஆறு அவ்வளவு தரவில்லை. காவிரித் தீர்ப்பில் தண்ணீர் குறைந்த வருஷத்தில் எல்லோர் பங்கும் அதே விகிதத்தில் குறையும். அங்கே வரிசையில் கடைசி ஆள் முழுசாக இழப்பார். இரண்டும் ஒரே பாடத்தில் வந்தால் பிள்ளைகளுக்கு விளங்கும்.

என் பரிந்துரை ‘முந்துரிமை’. முந்து உரிமை, வினைத்தொகை. முந்தியது, முந்துகிறது, முந்தும், மூன்று காலமும் அடங்கும்.

ஸ்ரீராமபுரம், புதன் இரவு 10.05

அம்மா, சொல் நன்றாக இருக்கிறது. காவிரி ஒப்பீடு மட்டும் பார்த்துப் போடுங்கள். 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தின்போது எனக்கு ஒன்பது வயசு. அப்பா கடைப் பலகையில் தமிழ் எழுத்து மேல் சுண்ணாம்பு அடித்தார். இந்தப் புத்தகம் எங்கள் தெருவிலும் சுற்றும்.

மல்லேசுவரம், புதன் இரவு 10.30

புரிகிறது தம்பி. ஆனால் இந்த ஊரில் குழாயைத் திறந்தால் வருவதும் காவிரிதான், நூறு கிலோமீட்டர் தள்ளி தொரெக்காடனஹள்ளியிலிருந்து ஏற்றிக் கொண்டுவருவது. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று நடுவர் மன்றம் குறைத்துக் கொடுத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் பெங்களூருக்கு 4.75 டி.எம்.சி. கூடுதலாகத் தந்தது. குடிக்கிற தண்ணீரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசாமல் எப்படி இருக்க முடியும்?

ஜாலஹள்ளி, வியாழன் காலை 4.50

முந்துரிமை இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் காதில் ‘முந்திரி’ என்று விழுகிறது. கேலியாகச் சொல்லவில்லை. நம் பழைய பின்னக் கணக்கில் முந்திரி என்றால் 1/320. மாகாணி, மா, காணி எல்லாம் நிலத்தை அளந்த சொற்கள். முந்திரியும் ஒரு காலத்தில் நீர்ப்பங்கைக் குறித்திருக்கக் கூடாதா? ‘முந்து’, ‘இரி’ என்று பிரித்தால், முந்தி இருப்பது

தங்கவயல், வியாழன் காலை 8.45

ஐயா, மடல் பாதியில் அறுந்துவிட்டது. சிக்னல் எனக்கா உங்களுக்கா தெரியவில்லை. முந்திரியைப் பிறகு வறுக்கலாம், இப்போது சொல் வேண்டும். என் வாக்கு முந்துரிமைக்கு.

அல்சூர், வியாழன் இரவு 11.10

இதுவரை முந்துரிமைக்கு மூன்று பேர் (ஸ்ரீராமபுரம் தம்பி “குடவரிசையை அடைப்புக்குள் போட்டால் சரி” என்று தனியாக எழுதினார், அவரையும் சேர்த்தேன்). நீர்மூப்புக்கு ஐயா ஒருவர். எனக்கும் நீர்மூப்பின் மேல்தான் மனசு போகிறது, பணிமூப்பு கணக்கு அவ்வளவு கச்சிதம். ஆனால் பிள்ளைகளுக்குப் பணிமூப்பும் தெரியாது. முந்துரிமை என்றே வைத்துவிட்டேன். ஹவாசு ஏரியில் எதிரெதிர்ப் பம்புகளுக்கு ஒரு படமும், தெருக் குழாயில் குடங்களுக்கு ஒரு படமும் வரும். காவிரி இரண்டு வரி மட்டும், விகிதக் கணக்கோடு நிறுத்திக்கொண்டேன். கோப்பு காலை ஏழு மணிக்குப் போகும்.

ஜாலஹள்ளி, வெள்ளி காலை 6.40

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்பவில்லை. ஒன்று மட்டும். நேற்று அனுப்பிய கோப்பில் பக்கம் 7-இல் இளையவர் உரிமை ‘பின்னுரிமை’ என்று இருக்கிறது, பக்கம் 9-இல் ‘பிந்துரிமை’. முந்து என்றால் பிந்துதான் இணை. இல்லை, இரண்டையும் விட்டு ‘நீர்இளமை’ என்று யோசிக்கலாமா?

அல்சூர், வெள்ளி காலை 7.25

ஐயா, இப்போதுதான் பார்த்தேன். அச்சகத்துக்குப் போயாச்சு.