சிங்கப்பூர் யார்டா, கடல் நடுவே பிளாட்ஃபார்மா? எதை எடுக்கலாம்?

லிங்கநகர்_ஃபிட்டர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலைதான், லிங்கநகர். என்.வி.கியூ. (தொழில் தகைமை) லெவல் 4 ஃபிட்டர். இப்போது துறைமுகப் பக்கம் ஒரு ஆலையில் பம்ப், கன்வேயர் பார்க்கிறேன். ஏஜென்சி மூலமாக இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று சிங்கப்பூரில் கப்பல் கட்டும் யார்டில். பழைய டேங்கர் ஒன்றை எஃப்.பி.எஸ்.ஓ. ஆக, அதாவது கடலிலேயே நின்று எண்ணெயைப் பிரித்துச் சேமிக்கும் கப்பலாக, மாற்றுகிறார்கள். அங்கே கமிஷனிங் (கருவிகளைச் சோதித்து ஓட்டத்துக்குத் தயாராக்கும்) குழுவுக்கு உதவியாள். சம்பளம் சுமார்தான். மற்றது வளைகுடாவில், ஏற்கெனவே உற்பத்தி ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கிணற்றுப் பிளாட்ஃபார்மில் ஆபரேட்டருக்கு உதவி. 28 நாள் வேலை, 28 நாள் வீடு. காசு கூட.

அம்மாவுக்குக் கடல் என்றாலே பயம். மாமா சீனக்குடா எண்ணெய்க் குதத்தில் இருந்தவர், “எண்ணெய் எண்டால் எண்ணெய்தான், காசு கூடின பக்கம் போ” என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, மன்னாரில் காஸ் இருக்கிறது என்கிறார்களே, கொஞ்சம் பொறுத்தால் நாட்டிலேயே வேலை வருமா?

உப்புவெளி_பழசு:

தம்பி, யார்டுக்குப் போங்கள். காசைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு ஒப்பந்தம் முடியும் வரைக்கும் மட்டும் பார்க்காதீர்கள்.

மாமாவில் குறை இல்லை, ஆனால் குதத்துக்கு வருவது ஏற்கெனவே சுத்திகரித்த எண்ணெய். கிணற்றிலிருந்து வருவது எண்ணெய், காஸ், உப்புத் தண்ணீர், மணல் எல்லாம் கலந்த சாம்பார். பிளாட்ஃபார்மில் பாதி வேலை அதைப் பிரிப்பதுதான். சோக் வால்வில் அழுத்தத்தைக் குறைத்து செபரேட்டருக்குள் விட்டால் காஸ் மேலே போகும், தண்ணீர் அடியில் தங்கும், எண்ணெய் குறுக்கே நிற்கும் வீயர் தகட்டைத் தாண்டி அடுத்த பக்கம் விழும். காஸ் கம்ப்ரசருக்கு. தண்ணீர் ஹைட்ரோசைக்ளோனில் சுழன்று எண்ணெயைக் கழித்துவிட்டுக் கடலுக்கு. வட கடலில் மாதச் சராசரி லீற்றருக்கு 30 மில்லிகிராம் எண்ணெயைத் தாண்டக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும் பிளாட்ஃபார்மில் இதில் உங்கள் கண்ணில் படுவது என்ன? பெயின்ட் அடித்த ஒரு பெரிய உருளை, கன்ட்ரோல் ரூம் திரையில் ஏறி இறங்கும் ஒரு கோடு. யார்டில் அந்த உருளையின் மேன்வே, ஆள் நுழையும் வாய், திறந்திருக்கும். டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே தவழ்ந்து போகலாம் (காற்றைச் சோதித்து, வாசலில் ஆள் நிறுத்தி, பெர்மிட், அதாவது எழுத்தில் வேலை அனுமதி, எடுத்த பிறகுதான்). வீயர் எவ்வளவு உயரம், மணலைக் கிளப்பும் நொசில்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, லெவல் கருவியின் குழாய் எந்த மட்டத்தில் வந்து சேருகிறது, எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம். பிறகு கடலில் ஒரு நாள் நடுச்சாமத்தில், கடலடியிலிருந்து ஏறும் ரைசர் குழாயில் தண்ணீரும் எண்ணெயும் கட்டியாகச் சேர்ந்து ஸ்லக் ஆக வந்து விழும். லெவல் துள்ளும். அப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவர் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் வேலை செய்த ஒரு கப்பலில் வடிக்கும் வால்வு (ட்ரெயின்) ஒன்றின் சக்கரம் ஏணிக்குப் பின்னால் இருந்தது. கையுறை போட்ட கை நுழையாது. வரைபடத்தில் அழகாகத்தான் இருந்திருக்கும். காஸ் ஏற்றிய பிறகு அதை மாற்றுவதென்றால் சாரம் கட்டுவது, ஹொட் வேர்க் (நெருப்பு வேலை) பெர்மிட், கடைசியில் ஷட்டவுண் வரைக்கும் இழுக்கும். யார்டில் என்றால் ஒரு வெல்டரோடு முடிந்திருக்கும். அதனால் லைன் வோக், அதாவது குழாய் வழியே நடந்து சோதிக்க, போகும்போது ஒவ்வொரு வால்வையும் திருப்பிப் பாருங்கள், திரும்பாததைப் பஞ்ச் லிஸ்டில் (குறைப் பட்டியலில்) எழுதுங்கள். சுப்பர்வைசர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

மன்னார் விஷயம். 2011இல் கெய்ர்ன் கம்பனி டொராடோ, பராகுடா கிணறுகளில் காஸ் கண்டது உண்மை. 2015இல் விட்டுவிட்டுப் போனதும் உண்மை. டொராடோவில் கடல் ஆழம் 1,300 மீற்றருக்கு மேல். கால் ஊன்றிய சாதாரண பிளாட்ஃபார்ம் அங்கே சரிவராது, கிணற்றுத்தலை எல்லாம் கடலடியில்தான் இருக்க வேண்டும். காஸை எண்ணெய் மாதிரி டேங்கில் நிரப்பி வைத்து விற்கவும் முடியாது. கரை வரைக்கும் குழாய் வேண்டும், கரையில் வாங்க ஆள் வேண்டும். அதை நம்பி ஆலையில் காத்திருக்காதீர்கள்.

ஓர்ஸ்ஹில்_மகள்:

ஐயா பெர்மிட்டை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார்! நான் டிசைன் பக்கம் வேலை செய்பவள், எனக்கு அதுதான் முதலில்.

1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா பிளாட்ஃபார்ம். கன்டென்சேட் (காஸிலிருந்து பிரியும் திரவம்) பம்ப் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பகலில் கழற்றி, அந்த இடத்தை வெறும் தகட்டால் மூடியிருந்தார்கள். அந்த வேலையின் பெர்மிட் கண்ணில் படாததால் இரவு ஷிஃப்டுக்கு அது தெரியவில்லை. மற்ற பம்ப் நின்றதும் இதை ஓட விட்டார்கள், கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். டிசைனிலும் ஓட்டை இருந்தது: எண்ணெய்க்கென்று கட்டிய பிளாட்ஃபார்மில் பிறகு காஸ் கருவிகளைச் சேர்த்தார்கள், இடைச் சுவர்களோ தீயைத் தாங்கப் போட்டவை, வெடிப்பைத் தாங்குபவை அல்ல.

யார்ட் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் “கரைதானே, பயமில்லை” என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள் தம்பி. உயரத்தில் வேலை, கிரேன், டேங்குக்குள் வெல்டிங், எல்லாம் அங்கேயும் இருக்கிறது.

லிங்கநகர்_ஃபிட்டர்:

நன்றி ஐயா, நன்றி அக்கா. யார்ட் முடிந்து அதே கப்பலில் கடலுக்குப் போகலாம் என்று ஏஜென்சி சொல்கிறது. ஹெலிகொப்டரைத் தண்ணீருக்குள் கவிழ்க்கும் பயிற்சி ஒன்று உண்டாமே? நீச்சல் எனக்குப் பிரச்சினை இல்லை, நிலாவெளிக் கடலில் பழகியவன்.

உப்புவெளி_பழசு:

அதில் நீச்சல் பெரிதாக உதவாது. குளத்தில் மாதிரிக் கூண்டை இறக்கித் தலைகீழாகச் சுழற்றுவார்கள். மூக்கில் தண்ணீர் ஏறும். சுழல்வது நிற்கும் வரை பெல்டைக் கழற்றக் கூடாது, ஒரு கை ஜன்னல் விளிம்பை விடவே கூடாது. முதலில் ஜன்னலைத் தள்ளுங்கள், அப்புறம் பெல்ட். நன்றாக நீந்துபவர்கள்தான் அவசரப்பட்டு முதலில் பெல்டைக் கழற்றிவிட்டு, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் சுற்றுவார்கள்.

சான்றிதழ் நாலு வருடத்துக்குச் செல்லும், செலவும் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தக் காசை யார் கட்டுவது, சம்பளத்தில் கழிப்பார்களா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். கடலுக்கு அனுப்புவோம் என்ற பேச்சும் எழுத்தில் இருக்கட்டும். ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும், சரியா?