எண்ணூரில் கடலில் சேரும் ஆறு எது?

தண்டையார்பேட்டை அம்மா:
ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனை 'நம் ஊர் ஆறு' என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் கூவம், அடையாறு என்றுதான் எழுதுவார்கள். போன ஞாயிறு எண்ணூர் பாலத்தில் நின்று பார்த்தவன், "இது கடலா, ஆறாம்மா?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

திருவள்ளூரான்:
அது கொசஸ்தலை ஆறு. கொற்றலை ஆறு என்றும் சொல்வார்கள். நீளம் சுமார் 136 கிலோமீட்டர். கேசவரம் அணைக்கட்டில் இதன் தண்ணீரில் ஒரு பங்கு கூவத்துக்குப் பிரிகிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரி இதன் குறுக்கே கட்டியதுதான், 1944இல் முடிந்தது. அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி 1943லேயே காலமாகிவிட்டார். அப்புறம், பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் ஆய்வாளர் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பிறகு நடந்த ஆய்வில் அவற்றில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று தெரிந்தது. தம்பி இதைக் கட்டாயம் எழுதட்டும்.

முகத்துவாரத்தான்:
அக்கா, தம்பி சரியாகத்தான் கேட்டிருக்கிறான். அங்கே ரெண்டும் ஒன்றுதான். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் வரும், இறங்கும்போது ஆறு வெளியே போகும். இந்த ரெண்டும் கலக்கிற இடத்தில்தான் இறால் வளரும்.

எங்கள் ஆயா பறியை, அதாவது மீன் போடும் கூடையை, வாயில் கவ்விக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் குந்தி, ரெண்டு கையாலும் சேற்றைத் துழாவும். விரலில் இறால் தட்டியதும் ஒரே அமுக்கு, நேராகப் பறிக்குள். வலையே கிடையாது. அந்தக் காசில்தான் என் அப்பா படித்தார்.

இப்போது அதே இடத்தில் கை வைத்தால் சேறு இல்லை, மாவு மாதிரி சாம்பல். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து படிந்து ஆறே மேடேறிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. வலையைத் தூக்கினால் தார் ஒழுகியது. அத்தனை வலையையும் தூக்கிப் போட்டோம். இதைச் சாக்கடை என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. இது ஆறு அக்கா, இன்னும் மீன் தருகிறது.

தண்டையார்பேட்டை அம்மா:
ரெண்டு பேருக்கும் நன்றி. மகன் ஆயாவைப் படம் வரையப்போகிறானாம். பறி எதில் முடைவது என்று கேட்கிறான்.

முகத்துவாரத்தான்:
பனையோலையில். ஆயாவுடையது எங்கள் பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டி வாருங்கள், கையில் வைத்துப் பார்த்தே வரையட்டும்.