புதுப்பிப்பு: ஆம்பூர் ஷூ கேட்லாக்குக்கு ஜப்பானிய வாசகம்

ஆம்பூர் ஷூ கம்பெனி கேட்லாக்கில் வரும் ‘இன் யுவர் ஷூஸ்’ என்ற வரியை, ஷூவும் போகாமல், ‘உங்கள் நிலையில் இருந்து பார்க்கிறோம்’ என்ற பொருளும் போகாமல் ஜப்பானியத்தில் எப்படிச் சொல்வது என்று முன்பு கேட்டிருந்தேன்.

‘தாச்சிபா நி தாத்தே’ என்று முடிவாகிவிட்டது. தாச்சிபா என்றால் நிற்கும் இடம். ஒருவரின் நிலைமையும் அதுதான். ஷூ போனாலும் நிற்பது மிஞ்சியது. படத்தில்தான் ஷூ இருக்கிறதே!

அப்புறம், ‘உங்கள் காலடியைப் பார்க்கிறோம்’ என்று சிலர் சொன்னீர்கள். அது மட்டும் வேண்டாம். ஜப்பானியத்தில் காலடியைப் பார்ப்பது, அதாவது ‘அஷிமோதோ ஓ மிரு’ என்றால், ஆளின் இக்கட்டைப் பார்த்து விலையை ஏற்றுவது. களைத்த வழிப்போக்கனின் காலைப் பார்த்துப் பல்லக்குக்காரர்கள் கூலியை உயர்த்திக் கேட்பார்களாம், அதிலிருந்து வந்தது. விலைப்பட்டியலுக்கு மேலே அதைப் போட்டால் வியாபாரம் விளங்கின மாதிரிதான். முதலாளி சரி என்றுவிட்டார், அச்சுக்குப் போயாச்சு.